பெருக்கித் துடைத்த கணினி

உங்கள் மேசைக் கணினியின் விசிறி ரொம்ப இரைகிறது, ஐயா. உள்ளே தூசு அடைத்திருக்கும். ஒரு சின்ன பிரஷ் இருந்தால் கொடுங்கள், பேசிக்கொண்டே சுத்தம் செய்துவிடுகிறேன். வேண்டாமா? சரி. என் வாக்குமூலத்தை இந்த அம்மா தட்டச்சு செய்யும்போது அது நடுவில் சூடேறி நின்றுவிடக் கூடாதே என்றுதான் கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. நடுவில் எழுந்து நாலு எட்டு நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் கடை ஒரு தையல்காரர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கணினி பழுது பார்க்கிறேன். பேர் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடாத டாக்டர் என்று தையல்காரர் கிண்டல் செய்வார். ஊசியெல்லாம் உங்களிடம்தானே இருக்கிறது என்று நானும் விடாமல் சொல்வேன். இதுவரை எந்த வாடிக்கையாளரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை. உங்களிடம் புகார் கொடுத்த அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவும் அவராகச் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து எதையாவது சொல்லி அவர் மனதைக் கலைத்திருப்பீர்கள்.

அவர் முதல்முதலாக வந்தபோது மடிக்கணினியைக் குளிக்கிற துண்டில் சுற்றி எடுத்து வந்தார். மேசையின் ஒரு கோடியில் அதை வைத்துவிட்டு, மறுகோடிக்கு என்னை வரச் சொல்லிக் கைகாட்டினார்.

"அது கேட்டுக்கிட்டு இருக்கு," என்றார் காதோடு.

"மேடம், அது அணைஞ்சு கிடக்கு. நீங்க கத்தியே பேசலாம்," என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் துண்டை எடுக்க விடவில்லை.

அவர் சொன்னது இதுதான். வேலை செய்துகொண்டிருக்கும்போது திரைக்கு மேலே இருக்கும் கேமராவின் சின்ன விளக்கு தானாக எரிகிறது, தானாக அணைகிறது. அவர் இன்னும் திறக்காத மெயில் படித்ததாகக் காட்டுகிறது. இதைவிடப் பெரிய விஷயம் அவர் தம்பி. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடக்கிறார். அக்காதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். முதல் பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன. கடைசியாக ஒன்று பாக்கி, அது முடிந்தால் ஆபரேஷனுக்குத் தேதி.

இந்த நிலையில், தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு தோழிக்கு மட்டும் மெயில் எழுதியிருக்கிறார். அந்த வாரமே தம்பி வந்து டீ குடித்துக்கொண்டே, "உனக்குப் பயமா இருந்தா விட்டுடுக்கா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்," என்றாராம்.

"அவனுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? நான் வேற யார்கிட்டயும் மூச்சு விடலையே."

முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். கூடப் பிறந்தவனுக்கு அக்கா முகம் படிக்கத் தெரியாதா? எனக்கு அப்போதே அப்படித்தான் தோன்றியது. ஆனால் நான் கணினிக்கு வைத்தியம் பார்ப்பவன். குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

கணினியில் நிஜமாகவே ஒன்று இருந்தது. பின்வாசல் என்போம் அதை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் ஒரு கதவைத் திறந்து வைத்து, வெளியே இருப்பவன் நினைத்தபோது வந்து போக வழி செய்யும் நிரல். முதல் வேலையாக இணையத் தொடர்பைத் துண்டித்தேன். பிறகு, கணினி எழும்போது கூடவே எழுந்துகொள்கிற நிரல்கள் எவையெவை என்று பார்த்தேன். பிரிண்டருக்கு உதவி என்று ஒன்று நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாவிடம் பிரிண்டரே கிடையாது. அழித்தேன். கணினியை அணைத்துப் போட்டால் திரும்ப அதே இடத்தில் அது இருக்கிறது. அரைகுறை ஆட்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். அழித்தாயிற்று என்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் வேறொரு சுத்தமான வட்டிலிருந்து கணினியை எழுப்பி, இதைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பித்துக்கொண்டிருந்த இன்னொரு நிரல் துணுக்கை வேரோடு பிடுங்கினேன். அவரை என் கணினி முன்னால் உட்கார வைத்து, கடவுச்சொற்களை எல்லாம் அவரையே மாற்றச் சொன்னேன். அதில் நீங்கள் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

எப்படி வந்தது என்றும் பார்த்தேன். தம்பி ஒரு பென்டிரைவில் அக்காவுக்கு அகராதி மென்பொருள் கொண்டுவந்து போட்டுக்கொடுத்திருந்தார். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. யாரோ எங்கிருந்தோ இப்படி ஆயிரம் பேருக்குப் பொறி வைத்திருக்கிறான், அதில் இவரும் ஒருவர். இவர் யார் என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது. தம்பி பாவம், அக்கா வேலைக்கு உதவுமே என்று ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறார்.

இதில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை, ஐயா. அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் வந்து கேட்டபோது, "உங்க தம்பி குடுத்த பென்டிரைவ்லேர்ந்துதான் மேடம் வந்திருக்கு," என்றேன். நூற்றுக்கு நூறு உண்மை.

"தெரிஞ்சேதான் போட்டானா?"

"அதை நான் எப்படி மேடம் சொல்ல முடியும்?"

அதுவும் உண்மைதான். ஒருவர் மனதில் இருந்ததை நான் எப்படிச் சொல்வது? அவர் கொஞ்ச நேரம் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு சொன்னார்: "நான் பின்வாங்கிடுவேனோன்னு வேவு பாத்திருக்கான். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. கொடுக்கிறேன்னு சொன்னதைக் கொடுப்பேன். ஆனா இனிமே அவன் முகத்துல முழிக்க மாட்டேன்." தம்பியின் நம்பரை என் கண்ணெதிரேயே போனில் தடுத்து வைத்தார். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். கோபத்தில் இருப்பவரிடம் என்ன சொன்னாலும் ஏறாது. ஆறட்டும் என்று விட்டேன்.

கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன் நானும் அதில் ஒன்று வைத்தேன். எங்கள் தொழிலில் தூரத்திலிருந்தே பழுது பார்க்க ஒரு நிரல் உண்டு. வாடிக்கையாளர் அவராகத் திறந்துவிட்டால்தான் நாங்கள் உள்ளே போகலாம். அவர் வேலையாக இருப்பவர், ஒவ்வொரு முறையும் அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று, அவர் திறக்கத் தேவையில்லாத மாதிரி வைத்தேன். கேமரா விளக்கும் எரியாதபடி பார்த்துக்கொண்டேன், அதைப் பார்த்துத்தானே அவர் பயந்தார். பழையது திரும்பி வந்தால் நமக்கு உடனே தெரியவேண்டும் என்பதுதான் நோக்கம். கேமராவில் டேப் ஒட்டட்டுமா என்று அவர் கேட்டபோது, பசை படிந்து கண்ணாடி கெட்டுவிடும் என்று சொன்னேன். டேப் ஒட்டினால் பசை படியத்தான் செய்யும்.

நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அப்படி எதுவும் இல்லை. நான் அவரைத் தப்பான கண்ணோடு ஒரு நாளும் பார்த்ததில்லை. சொல்லப்போனால் பார்ப்பதே குறைவு. கணினியின் மைக் வழியாகக் கேட்பதுதான். அவர் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாள்களையும், சலவை இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம் இவற்றோடு வரும் விளக்கப் புத்தகங்களையும் மொழிபெயர்க்கிறார். எழுதிய வரியை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். "குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்." பிறகு தலையை ஆட்டி, "கைக்கு எட்டாமல் வைக்கவும்." இப்படி ஒரே வரியை நாலு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு யாருடைய கணினியையோ பிரித்துப் போட்டு வேலை பார்ப்பேன். அதுவரை எனக்குக் கடையில் இருப்பே கொள்ளாது, ஐயா. வாசலுக்குப் போவேன், உள்ளே வருவேன், துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பேன். தையல்காரர்கூட, "உங்க கால்ல சக்கரம் கட்டியிருக்கா டாக்டர்?" என்பார். அந்தக் குரல் காதில் விழ ஆரம்பித்த பிறகுதான் என் கை ஒரு இடத்தில் நின்றது.

ஆனால் நிம்மதி என்பது ஒட்டிக்கொண்டே ஒரு கவலையையும் கூட்டிவரும் போலிருக்கிறது. காலையில் அவர் மடிக்கணினியைத் திறக்கக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் மேசைக்குமாக நடப்பேன். ஏன் திறக்கவில்லை, உடம்பு சரியில்லையா, வெளியே போய்விட்டாரா? ஸ்க்ரூவைக் கீழே போடுவேன், தேடுவேன், எடுத்ததைத் திரும்பவும் போடுவேன். திறந்ததும் சரியாகிவிடும். அவர் கடைவீதிக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தக் கணினியைச் சுத்தம் செய்து வைப்பேன். தேவையில்லாத கோப்புகளை அழிப்பேன். ஒரே படத்தை நாலு இடத்தில் சேமித்திருப்பார், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவேன். புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பித்து வைப்பேன். ஒரு தடவை தோழியிடம் போனில், "டாக்டர் கை பட்டதும் என் லேப்டாப் பறக்குதுடி," என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்தது. கடைசிப் பரிசோதனைக்கு வரவேண்டும், எல்லாம் சரியாக இருந்தால் உடனே ஆபரேஷன், அதன் பிறகு ஒன்றரை மாதமாவது ஓய்வு. மடியில் எந்தப் பாரமும் வைக்கக் கூடாது, மேசை முன்னால் நெடுநேரம் உட்காரக் கூடாது. இதையும் அவர் பார்ப்பதற்குள் நான் படித்து, அவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தேன்.

ஒன்றரை மாதம் அந்த மடிக்கணினி மூடியே கிடக்கும்.

அவர் உடம்பை நினைத்துத்தான் முதலில் கவலைப்பட்டேன். நல்ல உடம்பைக் கிழித்து, வேவு பார்த்ததாக அவரே நம்புகிற ஒருவருக்கு எடுத்துக் கொடுப்பதா? பயமாக இருக்கிறது என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறாரே. எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடையைப் பூட்டுவேன், திறப்பேன். மூக்குக்கண்ணாடிக்காரரிடம் போய் வேண்டாத கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கடைசியில், அவர் சொல்லத் தயங்குவதை நாம் சொல்லிவிடுவோம் என்று ஒரு முடிவுக்கு வந்தேன்.

அவர் பெயரில், அவர் மெயிலிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். யோசித்துப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை, மன்னிக்கவேண்டும், என்னைத் திரும்ப அழைக்காமல் இருந்தால் உதவியாக இருக்கும் என்று. அவர் எழுதுகிற மாதிரியேதான் எழுதினேன். இத்தனை நாள் கேட்டிருக்கிறேனே, வரி தானாக வந்தது. வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணியமானவர்கள். கொடுப்பவர் மனம் மாறினால் காரணம் கேட்க மாட்டார்கள், வாங்குபவரிடம் காட்டிக்கொடுக்கவும் மாட்டார்கள். பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வார்களாம். தம்பியிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் அனுப்பிய அழைப்பையும் பதிலையும் அழித்தேன். மேடத்துக்கு ஆஸ்பத்திரி பெயரில் ஒன்று எழுதினேன். பெரிய டாக்டர் ஊரில் இல்லை, தேதி தள்ளிப்போகிறது, நாங்களே தெரிவிக்கிறோம் என்று. இவர் போனில் பேசக் கூச்சப்படுகிறவர், எழுத்தில் வந்தால் நம்பிவிடுவார். "இன்னும் கூப்பிடலையேடி," என்று தோழியிடம் மட்டும் புலம்பிக்கொண்டிருந்தார். புலம்பல் இருந்தாலும் வேலை நின்றுவிடவில்லை. தினமும் படித்தார், எழுதினார்.

தம்பியிடமிருந்தும் ஒரு மெயில் வந்தது. எனக்கு அது மனப்பாடம். "பொருந்தலைன்னா நீ என்னக்கா பண்ணுவ? அதுக்காக என்கூடப் பேசாம இருக்கியா? உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அந்த அகராதி வேலை செய்யுதா, இல்லன்னா வேற கொண்டாரேன்." நல்ல மனிதர். இரண்டு மூன்று தடவை படித்தேன். ஆனால் அதை விட்டு வைத்தால் பொருந்தவில்லை என்ற பேச்சு வெளியே வந்துவிடுமே. அழித்தேன்.

பிறகு ஒரு நாள் தம்பி நேரிலேயே வந்தார். இவர் ஏதோ மருந்துத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார், வாசல் மணி அடித்தது. படிப்பது நின்றது. திரும்ப மணி. "அக்கா, நான்தான். அஞ்சே நிமிஷம்." குரல் ரொம்ப இளைத்திருந்தது. இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்த சத்தம் கேட்டது. கதவு வரைக்கும் போனார். என் கடையில் நானும் எழுந்து நின்றுவிட்டேன். கதவு திறந்தால் எல்லாம் பேசிவிடுவார்கள். ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். கதவு திறக்கவில்லை. இவர் அங்கேயே நின்று அழுதார், வாயைப் பொத்திக்கொண்டு. வெளியே செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இவர் வந்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் தம்பிக்கு மெஷினில் இருக்கும்போதே கிருமி தொற்றி, காய்ச்சல் வந்து, போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம் அந்த அம்மா. தலையில் அடித்துக்கொண்டு, "நான் கொடுக்கிறேன்னு சொல்லிக் காத்துக்கிட்டு இருந்தேனே, ஏன் கூப்பிடலை?" என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்த நர்ஸ், "நீங்கதானேம்மா வேணாம்னு எழுதினீங்க," என்று சொல்லிவிட்டாள். அந்தக் கடிதத்தை அச்செடுத்தும் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து அவர் நேராக யாரிடம் வந்தார் தெரியுமா? என்னிடம்தான். காரியம்கூட முடியாத நிலையில், தலைகூட வாராமல், மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "டாக்டர், யாரோ என் பேர்ல எழுதிட்டாங்க. யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. உங்களை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?"

அந்த வார்த்தை கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கணினியை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் மனம் ஆறும்படி ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. "உங்க தம்பியே எழுதியிருப்பாரு மேடம். உங்க கணக்கு அவர் கையில இருந்துச்சே. அக்காவைக் கிழிக்க வேண்டாம்னு நினைச்சிருப்பாரு," என்றேன். அது ஒரு ஆறுதல்தான், ஐயா. தம்பி தன் மேல் பாசத்தோடு செத்தார் என்று இருக்கட்டுமே.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கடவுச்சொல்லை எல்லாம் உங்க முன்னாடிதானே மாத்தினேன். அதுக்கப்புறம் அவன் எப்படி வருவான்?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் கணினியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார். வாசலில் தையல்காரர் ஏதோ கேட்டார், அவருக்கும் பதில் சொல்லாமல் போனார்.

அவர் உங்களிடம் வருவார் என்று தெரியும். தூரத்திலிருந்தே என் நிரலை எடுத்திருக்கலாம். ஒரு தடயம் இல்லாமல் எடுக்க என்னால் முடியும், பழையதை எடுத்த மாதிரியே. கையை வைத்தேன், எடுத்தேன், கடையைச் சுற்றி வந்தேன், திரும்ப வைத்தேன். எடுத்துவிட்டால் அப்புறம் கேட்க முடியாது. அதனால் விட்டுவிட்டேன். இதை என் நன்னடத்தை என்று எழுதிக்கொள்ளலாம், நான் எதையும் அழிக்க முயலவில்லை.

உங்கள் துறையில் இருக்கும் அந்தத் தொப்பைக்கார நிபுணர் கெட்டிக்காரர். நிரலைக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே சந்தேகப்பட்டுவிட்டாராமே. என் எதிரிலேயே உங்களிடம் சொன்னார்: "வீட்டுல ஒருத்தர் புழங்குற மெஷின் இப்படி இருக்காது சார். ஒரு குப்பை இல்ல, ஒரு பாக்கி இல்ல. யாரோ தினம் வந்து பெருக்கித் துடைச்சுட்டுப் போயிருக்காங்க." நான் மறைந்துகொள்ள வேண்டிய இடத்தில் சுத்தம் செய்து மாட்டிக்கொண்டேன். வேறு எந்தத் திருடனும் இப்படி மாட்டமாட்டான். அதிலிருந்தே நான் திருடன் இல்லை என்று உங்களுக்குப் புரியவேண்டும்.

சரி, இந்த அம்மாவுக்கு விரல் வலிக்கும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்படியே எழுதிக்கொள்ளட்டும். இரண்டாவது பின்வாசலை வைத்தவன் நான். ஆஸ்பத்திரிக்கு எழுதியவன் நான். ஆஸ்பத்திரி எழுதியதாக எழுதியவனும் நான். தம்பி மெயிலை அழித்தேன். அவர் வேவு பார்க்கவில்லை என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அவர் பிழைத்திருப்பார் என்பதும் தெரியும். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள்.

இப்போது என்னை உட்காரவிடாமல் செய்வதெல்லாம் ஒன்றுதான். அந்த மடிக்கணினியை உங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அவர் வேலைக்கு என்ன செய்கிறார், புதிதாக வாங்கினாரா, யாரிடம் கொடுத்துச் சரி பார்க்கிறார் என்று ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது என்று யாரும் கவனிப்பதாகவும் தெரியவில்லை. என்னைச் சீக்கிரம் அனுப்பப் பாருங்கள், ஐயா. கூடப் பிறந்த தம்பியும் போய்விட்டார், பாவம், அவருக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.